எங்க ஊர்க்காரர்

இடம்: எழுதவில்லை
27.9.2021

அன்புள்ள ரேணுகாவுக்கு,

நலம். கவலைப்படாதே. உனக்குக் கடிதம் எழுதி எத்தனை வருஷம் ஆயிற்று பார். கல்யாணத்துக்கு முன்னால் ஒன்று எழுதினேன். அதை உன் அப்பா பிரித்துப் படித்துவிட்டார். அதற்குப் பிறகு இதுதான்.

சுவர் விளம்பரத் தகராறில் தங்கராசு என் மேல் கேஸ் கொடுத்துவிட்டான். தேர்தல் நேரத்தில் என்னை உள்ளே வைத்துவிட்டால் நீ என்ன செய்வாய்? அதனால் ஓட்டுப்பதிவு வரைக்கும் ஒதுங்கி இருக்கிறேன். குயிலாப்பாளையத்தில் நண்பர் ஒருவரின் முந்திரித் தோப்பு. உனக்கு மட்டும் சொல்கிறேன், அஸ்வினிக்குக்கூடச் சொல்லாதே. ஹாஸ்டலில் இருக்கிற நம் பெண், பயந்துவிடும். போனை அணைத்துவிட்டேன், டவரை வைத்துப் பிடித்துவிடுவார்கள். நம் ஆண்ட்ரூஸ், பாண்டிச்சேரிக்கு மீன் ஏற்றிப் போகிற வண்டியில் கடிதமும் துணிமணியும் கொண்டுவந்து கொடுப்பார்.

ஒன்றியக் கவுன்சிலர் சீட்டைப் பெண்களுக்கு ஒதுக்காமல் இருந்திருந்தால் நானே நின்றிருப்பேன். உனக்கு இந்த அலைச்சல் வந்திருக்காது. எதிரில் தங்கராசுவின் மனைவி சரஸ்வதி நின்றாலும், நிற்பது தங்கராசுதான். அதனால் சொல்வதைக் கேள். நம் தெருக்களுக்கு மட்டும் போ. உப்பளத்துப் பக்கம் போகாதே. பாதிப் பாத்தி அவன் குத்தகை, வம்பு வரும். மைக்கில் பேச வேண்டாம். நீ கும்பிட்டால் போதும், மீதியைக் கட்சி பார்த்துக்கொள்ளும்.

உன் அன்புள்ள
புருஷோத்தமன்
கிளைச் செயலாளர்


வீடு
29.9.2021

அன்புள்ள மாமாவுக்கு,

ரேணுகா எழுதுவது. கடிதம் கிடைத்தது. பெண்டாட்டிக்கு எழுதும்போதும் கிளைச் செயலாளரா? நல்லவேளை, ரப்பர் ஸ்டாம்ப் குத்தாமல் விட்டீர்கள்.

நீங்கள் போன மறுநாள் நோட்டீஸ் வந்தது. உங்கள் படம் பெரிதாக, தலைவர்கள் படம் வரிசையாக, என் படம் ஓரத்தில் தபால்தலை அளவுக்கு இருக்கிறது. "வேட்பாளர் யாருங்க?" என்று ஒரு பெரியவர் என்னிடமே கேட்டார். "இந்த ஓரத்துல இருக்கறவங்கதான் தாத்தா" என்றேன். சிரித்துவிட்டு, அதற்காகவே ஓட்டுப் போடுகிறேன் என்றார்.

சொன்னபடி கும்பிட்டுக்கொண்டுதான் போகிறேன். கை வலிக்கிறது. ஆனால் கிளையில் இருந்து ஒருத்தரும் கூட வரவில்லை. செயலாளர் இல்லாமல் எப்படி என்கிறார்கள். நானும், ஒரு ஆட்டோவும், ஒரு ஒலிபெருக்கியும்தான்.

உப்பளத்தில் உப்பு வாருகிற அம்சவல்லி நேற்று வீட்டுக்கே வந்துவிட்டாள். "இன்னாக்கா, எங்க பக்கம் வரவே மாட்டியா? நீயும் ஒரு காலத்துல எங்ககூட கூடை தூக்கினவதானே?" என்று கேட்டாள். மழைக்கு முன்னால் கடைசியாக உப்பு வாருகிற நேரம், காலையில் இறங்கினால் பொழுது சாயும் வரை நிழல் கிடையாது, ஒதுங்க இடம் கிடையாது. அதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் நிற்கிறார்கள். அம்சவல்லிக்கு இந்த வருஷம் இரண்டு தடவை நீர்க்கடுப்பு. எனக்கும் கல்யாணத்துக்கு முன்னால் வந்ததுதான், உங்களிடம் சொன்னதில்லை. ஒரு கொட்டகையும் ஒரு கக்கூசும் குடிதண்ணீர்க் குழாயும் வேண்டும் என்கிறார்கள். வேறொன்றும் கேட்கவில்லை. கட்டித் தருகிறேன் என்று சொல்லட்டுமா? சொன்னால் செய்ய வேண்டும், அதனால் கேட்கிறேன்.

கருவாட்டுக் குழம்பு கொடுத்தனுப்பியிருக்கிறேன். அழுக்குத் துணியைச் சேர்த்து வைக்காமல் ஆண்ட்ரூஸ் அண்ணனிடம் கொடுங்கள். தலைமறைவாக இருந்தாலும் வேட்டி வெள்ளையாக இருக்கட்டும். ராத்திரியில் கதவு தட்டினால் நீங்களோ என்று எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

உங்கள்
ரேணுகா


30.9.2021

அன்புள்ள ரேணுகாவுக்கு,

குழம்பு பிரமாதம். அடுத்த தடவை புளியைக் கொஞ்சம் குறை.

கொட்டகை, கக்கூஸ் என்றெல்லாம் யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதே. உப்பளம் அரசாங்க நிலம், குத்தகைக்காரர்கள் விவகாரம். உனக்கு அதெல்லாம் புரியாது. தேர்தல் வந்தால் ஆளாளுக்கு ஒன்று கேட்பார்கள். சிரித்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

பூத் ஏஜண்டுகள் யார் யார் என்று நீ யாரிடமும் பேசாதே. நான் இங்கிருந்தே ஏற்பாடு செய்கிறேன். துணி கொடுத்தனுப்பியிருக்கிறேன். சட்டைக் காலருக்குக் கொஞ்சம் கஞ்சி போடு.

புருஷோத்தமன்


வீடு
2.10.2021

அன்புள்ள மாமாவுக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், திட்டுவதைத் திட்டிக்கொள்ளுங்கள். நேற்று உப்பளத்துக்குப் போய்விட்டேன்.

எனக்கும் உதறல்தான். ஆட்டோவை ரோட்டிலேயே விட்டுவிட்டு வரப்பு மேல் நடந்தேன். செருப்பைக் கழற்றியதும் கால் தானாக வழி கண்டுபிடித்துக்கொண்டது. கூனிமேட்டுப் பக்கமிருந்தும் வேலைக்கு வந்திருந்தார்கள். ஆரத்தித் தட்டுக்கு எங்கே போவது? சாப்பாட்டுத் தூக்கின் மூடியில் மஞ்சள் தண்ணீர் கரைத்துச் சுற்றினாள் அம்சவல்லி. அழுகை வந்துவிட்டது. மைக் வேண்டாம் என்றீர்கள், மைக் இல்லாமல்தான் பேசினேன். "ஜெயிச்சா மொத வேலை இதுதான். செய்யலன்னா என் வீட்டு வாசல்ல வந்து குந்திக்கோங்க" என்றேன். அவ்வளவு சத்தமாக நான் பேசி நானே கேட்டதில்லை. சாயந்திரம் குப்பத்துப் பெண்கள் ஆள் அனுப்பி, எங்கள் பக்கமும் வா என்றார்கள்.

மாமா, நான் ஜெயித்துவிடுவேன் போலிருக்கிறது. நீங்கள் பக்கத்தில் இருந்து பார்க்கவில்லையே என்றுதான் இருக்கிறது.

இன்னொன்று. வேட்டி இரண்டும் துவைத்தேன். ஓரமெல்லாம் வெள்ளை பூத்து அப்பளம் போல விறைத்துக் கிடந்தது. குயிலாப்பாளையம் செம்மண் பூமியாயிற்றே? சித்தி மகள் கல்யாணத்துக்கு அங்கே போய் வந்து என் பட்டுப்புடவைக் கரை சிவந்துபோனது உங்களுக்கு நினைவிருக்கும், இன்றுவரை போகவில்லை. வேட்டியில் ஒரு பொட்டுச் செம்மண் இல்லை. எங்கே நடக்கிறீர்கள்? பத்திரமாகத்தானே இருக்கிறீர்கள்?

உங்கள்
ரேணுகா


4.10.2021

ரேணுகா,

நான் என்ன சொன்னேன், நீ என்ன செய்திருக்கிறாய்? கட்சிக்கு நான் என்ன பதில் சொல்வது? வேட்டியை ஆராய்ச்சி செய்கிற நேரத்தில் சொன்ன வேலையைச் செய்திருக்கலாம். பொழுது போகாமல் கடற்கரைக்குப் போய்க் கால் நனைத்தேன். அது ஒரு குற்றமா?

இனிமேலாவது கேள். கடைசி மூன்று நாள் வெளியே போகாதே. இருமல், காய்ச்சல், கொரோனா போல இருக்கிறது என்று சொல்லிப் படுத்துக்கொள். ஒருவரும் கேள்வி கேட்க மாட்டார்கள், கிட்டேயும் வர மாட்டார்கள். அனுதாப ஓட்டும் விழும். காரணத்தைப் பிறகு நேரில் சொல்கிறேன். என் மேல் நம்பிக்கை இருந்தால் இதைச் செய்.

புருஷோத்தமன்


வீடு
7.10.2021, பிரச்சாரம் முடிந்த சாயங்காலம்

மாமா,

அன்புள்ள என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். வரவில்லை.

கடல் தண்ணீரில் நனைந்த வேட்டி எனக்குத் தெரியும். உதறினால் மணல் கொட்டும், பிசுபிசு என்று ஒட்டும். பாத்தித் தண்ணீர் வேறு. அது காய்ந்தால் துணியே கட்டையாகிவிடும். பத்து வருஷம் என் பாவாடை அப்படித்தான் விறைத்துக் கிடந்தது. ஒளிந்திருக்கிற மனுஷன் அழுக்கு வேட்டியை உப்பளத்துக்காரியிடமே துவைக்க அனுப்புவானா? உங்கள் துணியை நீங்களே ஒருநாள் துவைத்திருந்தால் உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

அப்படியும் உங்களைச் சந்தேகப்படவில்லை. யாரோ உங்களை மிரட்டி அடைத்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அம்சவல்லியைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். என் புருஷன் மேல் இருக்கிற கேஸுக்கு ஜாமீன் வாங்க வேண்டும், அவரைக் கண்டுபிடித்தும் தர வேண்டும் என்றேன். அங்கிருந்தவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "ஏம்மா, உங்க வீட்டுக்காரர் மேல கேஸே இல்லையே. யார் சொன்னது உங்களுக்கு?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர்தான் சொன்னார் என்று சொல்லவா? அம்சவல்லி என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள்.

ஆண்ட்ரூஸ் அண்ணனை நிறுத்திக் கேட்டேன். "என்னாண்ட கேக்காதம்மா, மாதா மேல சத்தியம் வாங்கிட்டாரு" என்றார். சத்தியத்தை மீறவில்லை. ஆனால் அவர் பார்வை தங்கராசுவின் உப்பளப் பக்கம் போனது, எனக்கு அது போதும்.

பட்டப்பகலில் போனேன். தங்கராசுவின் மோட்டார் கொட்டகைக் கொடியில் நான் கஞ்சி போட்டு அனுப்பிய நீலச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. கட்டில் போட்டு நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். பக்கத்தில் தங்கராசு. நடுவில் என் டிபன் கேரியர். என் குழம்பை அவருக்கும் ஊற்றிக் கொடுத்தீர்கள். உங்களுக்கு இரண்டு வேளை வரட்டும் என்று அனுப்பிய குழம்பு அது. நீங்கள் என்னைப் பார்க்கவில்லை, நானும் கூப்பிடவில்லை.

அங்கே வேலை செய்கிற பெண்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு வருத்தமாகிவிடுமே என்று சொல்லாமல் இருந்தார்களாம். "ஒரு நாளைக்கு சொல்லித்தானே ஆவணும், எப்படிக்கா சொல்றது?" என்று கேட்டாள் ஒருத்தி. மழை முடிந்ததும் கிழக்குப் பாத்திகள் உங்கள் பெயருக்கு உள்குத்தகை வருகிறதாமே. சந்தோஷம். நான் கும்பிட்ட கும்பிடுக்கும் நடந்த நடைக்கும் விலை அதுதான் போல.

ஐயோ மாமா, ராத்திரியெல்லாம் கதவுச் சத்தத்துக்கு எழுந்து உட்கார்ந்தேனே. போலீஸ் அடிக்குமோ என்று அம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தேனே. நீங்கள் கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்து புளி கூடிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள்.

எனக்கு இருமலும் இல்லை, காய்ச்சலும் இல்லை. குப்பம், உப்பளம், நம் தெரு எல்லாம் போய்வந்துவிட்டேன். தொண்டைதான் கட்டியிருக்கிறது. நீங்கள் ஒரு ஏஜண்டையும் போடவில்லை என்று தெரிந்துகொண்டேன். உப்பளத்துப் பெண்களையே போட்டிருக்கிறேன். நம் ஊர் பூத்தில் நானே உட்காரப் போகிறேன்.

நேற்று வந்த வேட்டியைத் துவைக்காமல் அப்படியே கொடுத்தனுப்புகிறேன்.

ரேணுகா


8.10.2021

என் அன்பு ரேணுகாவுக்கு,

என்னைத் திட்டு, அடி, ஆனால் இதைப் படித்துவிடு.

தங்கராசு என்னைக் கூப்பிட்டுப் பேசிய அன்றைக்கு உனக்கு நூறு ஓட்டுகூட விழாது என்றுதான் நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன். கட்சியும் நம் ஒன்றியத்தை எப்போதோ கைகழுவிவிட்டது. எப்படியும் தோற்கிற சீட்டு, அதை விட்டுக்கொடுத்துப் பிழைப்புக்கு ஒரு வழி பண்ணிக்கொண்டால் யாருக்கு நஷ்டம் என்று கணக்குப் போட்டேன். அஸ்வினி படிப்பையும் நினைத்துத்தான் செய்தேன். நீ இப்படி எழுந்து நிற்பாய் என்று நான் கண்டேனா? உன் இரண்டாவது கடிதம் வந்த ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. அதற்குள் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. தங்கராசு என்னை வெளியே விடவும் இல்லை.

சரஸ்வதிக்கே போடச் சொல்லி நம் தெரு ஆட்களுக்கு ஏற்கெனவே சொல்லி அனுப்பிவிட்டேன். அதை இனி மாற்ற முடியாது. ஆனால் நாளைக்கு யார் தடுத்தாலும் வந்து என் ஓட்டை உனக்குப் போடுவேன். பூத்தில் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே. நாலு பேர் முன்னால் என்னை அவமானப்படுத்திவிடாதே. மற்றதை வீட்டில் பேசிக்கொள்ளலாம்.

உன்
புருஷோத்தமன்


வீடு
13.10.2021

திரு. புருஷோத்தமன் அவர்களுக்கு,

நேற்று எண்ணி முடித்துவிட்டார்கள். நான் தோற்றுவிட்டேன். கொஞ்சம் ஓட்டு வித்தியாசம்தான். குப்பத்தில் நான் முந்தினேன், உப்பளத்துப் பெண்கள் இருக்கிற தெருக்களில் சரஸ்வதிக்கு விழுந்ததை விரல் விட்டு எண்ணலாம். கவிழ்ந்தது நம் தெருவில். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் நான் போய் நின்ற வீடுகள். நீங்கள் சொல்லி அனுப்பியதை அவர்கள் தட்டவில்லை.

பட்டாசு வெடித்தபோது அம்சவல்லி என் மடியில் தலை வைத்து அழுதாள். அவளுக்காகத்தான் எனக்கு அதிகம் வலிக்கிறது. அடுத்த வருஷமும் அவள் தண்ணீர் குடிக்காமல்தான் வேலைக்கு இறங்குவாள். ஒன்றிய ஆபீசுக்கு மனு எழுதிக்கொண்டு இரண்டு பேரும் போகப் போகிறோம். தோற்றவள் மனு கொடுக்கக் கூடாது என்று சட்டமில்லை.

வீட்டில் பேசிக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தீர்கள். பேச ஒன்றும் இல்லை, எல்லாம் பூத்திலேயே முடிந்துவிட்டது. நீங்கள் மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன்.

மாஸ்க் போட்டுக்கொண்டு, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தீர்கள். அதிகாரி உங்கள் பெயரைச் சத்தமாக வாசித்தார். மாஸ்க்கை இறக்கச் சொன்னார். இத்தனை நாள் தாடியில் உங்களை அவருக்கு அட்டைப் படத்தோடு பொருத்திப் பார்க்க முடியவில்லை. "ஏஜண்டுங்க யாருக்காவது இவரைத் தெரியுமா?" என்று கேட்டார். தங்கராசுவின் ஏஜண்ட் சிரித்துக்கொண்டே, "அக்காவ கேளுங்க சார், அக்காவுக்குத்தான் நல்லா தெரியும்" என்றான். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நாலு பேர் முன்னால் உங்களை அவமானப்படுத்தவும் இல்லை. இவர் என் புருஷன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பொய்ச் சாட்சி சொல்வதுபோல இருந்தது.

"தெரியும் சார், எங்க ஊர்க்காரர்" என்றேன்.

நீங்கள் மறைப்புக்குப் பின்னால் போய் ரொம்ப நேரம் நின்றீர்கள். யாருக்குக் குத்தினீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை.

உங்கள் துணி, செருப்பு, கட்சித் துண்டு எல்லாம் கட்டி ஆண்ட்ரூஸ் அண்ணன் வீட்டில் வைத்திருக்கிறேன். இனி அவர் கடிதம் கொண்டுவர மாட்டார், அவரை நான் கேட்டுக்கொண்டேன். இதைத் தபாலில்தான் போடுகிறேன். விலாசம் தங்கராசு உப்பளம், மோட்டார் கொட்டகை என்று எழுதியிருக்கிறேன். அஸ்வினி என்ன நடந்தது என்று கேட்டால் நீங்களே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ரேணுகா