மாப்பிள்ளை ஓட்டிய படகு

டிச. 3, புதன்

காலையிலிருந்து தூறல். கம்பெனி பஸ் லேட். குடை பஸ்ஸிலேயே போய்விட்டது. இந்த வருஷத்தில் இரண்டாவது குடை.

எஸ்தரின் தம்பி, என் மச்சான் ராஜன், ஒரு வரன் கொண்டுவந்திருக்கிறான், நம் பெண் ஜெனிக்கு. பையன் பெயர் ஸ்டீபன். மலையடிவார ஏரியில் டூரிஸ்டுகளுக்கு மோட்டார் படகு ஓட்டுகிறான். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெண் பார்க்க வருகிறார்கள். போட்டோவில் லட்சணமாக இருக்கிறான். என் கல்யாணப் போட்டோவில் நான் இருப்பதைவிட. அது ஒன்றும் பெரிய சாதனை இல்லை.

ராஜன் "நல்லா விசாரிச்சிட்டேன் மாமா" என்கிறான். அவன் நன்றாக விசாரித்து வாங்கித் தந்த மிக்சிதான் ஈஸ்டர் அன்று புகைந்தது. நானே போய்ப் பார்ப்பதுதான் சரி. இங்கிருந்து போனது ஜெனியின் போட்டோ மட்டும். என் முகம் பையனுக்குத் தெரியாது.

வெள்ளி லீவு கேட்க வேண்டும். காரணம்: பல் வலி. (போன தடவையும் பல்தான். இந்தத் தடவை இடுப்பு.)

வாங்க: ரவை, முந்திரி, டியூப்லைட் ஸ்டார்ட்டர்.

டிச. 5, வெள்ளி

வெயில். ஏரி தளும்பத் தளும்ப. மழைக்குப் பிறகு நல்ல கூட்டம்.

முதலில் டீக்கடை. டூரிஸ்ட் மாதிரி தொப்பி போட்டுக்கொண்டு போனேன். "போட் ஓட்டுற ஸ்டீபன் எப்படி?" டீ மாஸ்டர், "பொண்ணு குடுக்க வந்துகீறீங்களா?" என்றார். தொப்பி வேஸ்ட்.

"குடி?"

"தொடமாட்டான் சார்."

"சிகரெட்?"

"ஊஹூம். தங்கமான புள்ள."

மனசு நிறைந்து டிக்கெட் வாங்கினேன். லைஃப் ஜாக்கெட்டின் வார் என் வயிற்றைச் சுற்றி வரவில்லை. பக்கத்தில் இருந்த அம்மா பார்க்காத மாதிரி இருந்தார். மொத்தம் எட்டுப் பேர். ஸ்டீபனுக்குப் பின்னாலேயே நான்.

ஒரு கை ஸ்டியரிங். மற்ற கையில் போன். கரை தாண்டியதும் ஆரம்பம். கட்டைவிரலால் தட்டுகிறான், சிரிக்கிறான், ஒரு தரம் நிமிர்ந்து ஏரியைப் பார்க்கிறான், மறுபடி தட்டுகிறான். டீ மாஸ்டர் தங்கம் என்றார். குடியைக் கேட்டேன், சிகரெட்டைக் கேட்டேன். போனைக் கேட்கத் தோன்றவில்லை, மடையன் எனக்கு.

எதிரே மிதிபடகு ஒன்று குறுக்கே வந்தது. ஒரு பெண்ணும் அவள் குழந்தையும். கால் வலித்ததோ என்னவோ, மிதிக்காமல் நின்றுவிட்டாள். நான் பார்த்துவிட்டேன். ஓட்டுகிறவன் பார்க்கவில்லை.

"யோவ், முன்னால பாருய்யா!"

அப்போதுதான் நிமிர்ந்தான். ஒடித்துத் திருப்பினான். எங்கள் படகு அந்தப் படகின் பின்பக்கத்தை உரசிக்கொண்டு போனது. குழந்தை பாதி வெளியே, தலை தண்ணீர்ப் பக்கம். ஜாக்கெட் பெரிய சைஸ், காது வரை ஏறிவிட்டது. அந்தப் பெண் எதைப் பிடித்து இழுத்தாள் என்று தெரியவில்லை, இழுத்துவிட்டாள். குழந்தை அழக்கூட இல்லை. அதுதான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

கத்தினேன். என்ன கத்தினேன் என்று இங்கே எழுத முடியாது. சர்ச்சுக்குப் போகிறவன்.

அவன் திரும்பி, "இன்னாத்துக்கு சார் கத்தறீங்க? அதான் ஒன்னும் ஆவலியே. பயமாருந்தா கரையிலயே குந்திகினு இருக்கணும்" என்றான்.

வீட்டில் எஸ்தர், "எங்க போய்ட்டு வரீங்க, சட்டையெல்லாம் ஈரம்?" "இடுப்பு வைத்தியம்."

டிச. 6, சனி

மேகமூட்டம். ஸ்டார்ட்டர் மாற்றினேன், எரியவில்லை. போனது டியூப்லைட்.

காலையில் ஜெனி இட்லி வைத்துக்கொண்டே, "அப்பா, இந்தக் கூத்தக் கேளு. நேத்து ஸ்டீபன் போட்ல ஒரு லூசு பெருசு ஏறி ஒரே கத்தலாம். தொப்பி வேற போட்டிருந்துச்சாம்" என்றாள்.

இட்லியைப் பாதியில் வைத்தேன். "நீ எப்ப அவன்கிட்ட பேசுன?"

"ரெண்டு வாரமா மெசேஜ்தாம்பா. உன்கிட்ட சொல்றதுக்கு முன்னாடியே அம்மா நம்பர் குடுத்தாங்க. நேத்து மத்தியானம்கூட ரொம்ப நேரம். அவருக்கு சாப்பாட்டு டைமாம்."

சாப்பாட்டு டைமாம். அவன் சிரித்துச் சிரித்துத் தட்டியது என் பெண்ணுக்குத்தான்.

அவள் மெடிக்கல் ஷாப்புக்கு வேலைக்குப் போனதும் எஸ்தரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முந்திரி உடைப்பதை நிறுத்தவில்லை.

"ஹெல்மெட்டுக்குள்ள போன சொருவிகினு வண்டி ஓட்றது யாரு? நீங்க பேசாதீங்க."

"நான் எட்டுப் பேர ஏத்திகினு ஓட்டலியே."

"பின்னால என்னை ஏத்திகினு ஓட்டலியா?"

நாளை வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. சரி என்றேன். கோழை.

டிச. 7, ஞாயிறு

மழை இல்லை. பிரசங்கம் நீளம். ஒரு வார்த்தை ஏறவில்லை.

வந்தார்கள். ஸ்டீபன், அவன் அம்மா, ராஜன். ஸ்டீபன் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே நிமிர்ந்தான். என்னைப் பார்த்தான். ஒரு செருப்போடு அப்படியே நின்றான்.

அவன் அம்மா உட்கார்ந்ததும், "வேலைன்னு வந்துட்டா எம்புள்ள அக்கம் பக்கம் திரும்ப மாட்டான்" என்றார். எஸ்தர் என்னை முறைத்தாள். நான் கேசரியை முறைத்தேன்.

ஜெனி டீ கொண்டுவந்தாள். ஸ்டீபனால் தாங்க முடியவில்லை. நான் வாயே திறக்கவில்லை, அவனாகவே, "மாமா, அன்னிக்கி போட்ல... நீங்கன்னு தெரியாது மாமா" என்றான்.

ஜெனி நின்றுவிட்டாள். "அந்த லூசு பெருசு எங்கப்பாவா?"

ராஜன் சிரித்தான். அவன் மட்டும்.

"சாப்பாட்டு டைம்னு சொன்னீங்களே?" ஸ்டீபன் போனைப் பைக்குள் தள்ளினான். என் பக்கம் திரும்பினாள். "அப்பா, இன்னா நடந்துச்சு?"

உத்தரவை மீறினேன். மிதிபடகு, குழந்தை, எல்லாம்.

"அந்தப் புள்ளைக்கு இன்னா வயசு இருக்கும்?"

"மூணு இருக்கும்."

டீத் தட்டை டீவி மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். டீயை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ஆறியிருந்தது.

டிச. 8, திங்கள்

மறுபடி தூறல். நானும் கம்பெனிக்குப் போகவில்லை, அவளும் கடைக்குப் போகவில்லை. எஸ்தர் வைத்தது காலை, மதியம் இரண்டு வேளையும் கேசரி.

வேடிக்கை என்னவென்றால் இப்போது அவனுக்கு வக்கீல் நான். ஒரே பெண். எஸ்தர் அழுகிறாள். பையன் குடிக்கவில்லை. மூன்று மாவட்டம் தேடினாலும் கிடைக்குமா?

"சின்ன வயசும்மா. பயந்துகினு இருப்பான். இனிமே பண்ண மாட்டான்."

"எனக்குப் பதில் போட்டுகினு இருந்தாருப்பா. நானும் சிரிச்சிகினே அனுப்பிகினு இருந்தேன். அந்தப் பக்கம் ஒரு புள்ள பாதி தண்ணில."

"உனக்கு எப்படிம்மா தெரிஞ்சிருக்கும்?"

"தெரியக் கூடாதுன்னுதான சாப்பாட்டு டைம்னாரு?" பிறகு அவளே, "நீயே பேசிப் பாரு. உனக்கு மனசுக்கு சரின்னு பட்டா வந்து சொல்லு. நான் கட்டிக்கறேன்" என்றாள்.

எஸ்தர் முகத்தில் வெளிச்சம். எனக்கும்தான். மனதில் வாசகம் தயார் செய்துகொண்டேன்: தம்பி, தப்பு எல்லாருக்கும் வரும், திருந்தறவன்தான் மனுஷன். பின்கட்டுக்குப் போய்ப் போன் போட்டேன். ஒரு ரிங் முழுசாகப் போகவில்லை, எடுத்துவிட்டான்.

"சொல்லுங்க மாமா!"

பின்னால் மோட்டார் சத்தம். குழந்தைகள் கூச்சல்.

"எங்கப்பா இருக்க?"

"போட்லதான் மாமா. பரவால்ல, சொல்லுங்க."

கட் செய்துவிட்டேன். நாலடி எடுத்து வைப்பதற்குள் அவனே திரும்பக் கூப்பிடுகிறான்.