நசுங்காத எலுமிச்சம்பழம்

ஐப்பசி, வியாழன் இரவு.

பரவை ஊரில், தரையிலும் தண்ணீரிலும் காற்றின்மேல் மிதந்து போகும் ஹோவர்கிராப்ட் செய்யும் செல்லப்பாண்டியின் கம்பெனி வளர்ந்த கதையை எழுதப் போயிருந்தேன். பம்புசெட் பழுது பார்த்த ஒரு கொட்டகை இன்று மூன்றாகியிருக்கிறது. கடன் வாங்கிச் செய்த முதல் பெரிய வண்டியை எடுக்க, ஏரியில் படகு விடுகிறவர் ஒருவர் வந்திருந்தார்.

பூசை முடிந்து, வண்டிக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வண்டி காற்றில் எழும்பி அதைத் தாண்டிப் போனது. பழம் முழுசாகக் கிடந்தது.

படகுக்காரர் முகம் மாறிவிட்டது. “சகுனம் சரியில்ல. இன்னொரு நாள் வாரேன்.”

“அண்ணே, நசுங்குனாத்தான் வண்டி பழுது!” என்றார் செல்லப்பாண்டி. படகுக்காரர் கேட்கவில்லை. இந்த வண்டி போகாவிட்டால் கொட்டகைகளை அடைக்க வேண்டியதுதான்.

வண்டியின் அடியில் கட்டும் ரப்பர் துணியைத் தைக்கிற கோரிப்பாளையம் காதர் சிரித்தார். “மாப்ள, வண்டிய லாரில ஏத்து. லாரிக்குச் சக்கரம் இருக்குல்ல?”

வண்டியை ஏற்றிய லாரியின் சக்கரத்தில் பழம் நசுங்கியது. படகுக்காரர் கும்பிட்டு ஏறிக்கொண்டார்.

கிளம்பும்போது செல்லப்பாண்டி, “இத மட்டும் எழுதிராதீங்கண்ணே. இனிமே வாங்க வர்றவுக எல்லாம் பழத்தத்தான் பாப்பாக” என்றார். சரி என்று சொல்லிவிட்டேன்.

மற்றதையெல்லாம் எழுதி முடித்தேன். படித்துப் பார்த்தால் எந்த ஊர்க் கம்பெனியாகவும் இருக்கலாம்.