கழுவிக் காயவைத்த பால் கவர்

சென்னை,
14.7.2002

அன்புள்ள மனைவி ஷாஜியாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் இங்கே சுகம். உன் சுகமும் அத்தா, அம்மா சுகமும் அறிய ஆசை.

எங்கள் புதிய மறுசுழற்சிக் கம்பெனியில் ஒரு வேடிக்கை, கவலைப்படாதே. பிளாஸ்டிக் போடுவதற்காக அடுக்குமாடி வாசல்களில் நாங்கள் வைத்த பச்சைத் தொட்டிகளை யாரோ தெருவுக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள். உள்ளே மீன்முள்ளும் குழம்பும் நாறின. நான் அள்ளிக்கொண்டிருந்தபோது, அங்கே ஒரு வீட்டு அம்மா கழுவிக் காயவைத்த பால் கவர்களைப் பழைய பேப்பர்காரரிடம் கொடுத்தார்.

"ஏம்மா, எங்க தொட்டியில போடக்கூடாதா?" என்றேன்.

"அவரு வந்தா, பேரன் பரீட்சை எப்படி எழுதினான்னு கேப்பாரு. உங்க தொட்டி என்னப்பா கேக்கும்?" என்றார்.

உடனே உன் கடிதம்தான் ஞாபகம் வந்தது. "பழைய சாமான் எடுக்குற ஈஸ்வரபாண்டி அண்ணன் வந்தாக, காய்ச்சல் விட்டுச்சான்னு கேட்டாக" என்று எழுதியிருந்தாயே. நீயும் அவருக்குத்தானே கவர்களைக் கழுவி வைக்கிறாய்!

கதவைத் தட்டி ஜனங்களிடம் பேசாவிட்டால் கம்பெனி தேறாது என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். நாளை முதல் நான்தான் போகிறேன். வாசலில் நின்று முதலில் என்ன பேசுவார் என்று ஈஸ்வரபாண்டியிடம் கேட்டு எழுது. டீ கொடுத்து உட்காரவைத்துக் கேட்க வேண்டாம்.

வடுகபட்டிப் பூண்டும் நீ இடித்த மல்லித்தூளும் கொஞ்சம் அனுப்பு. இங்கே சாப்பாடு இறங்கவில்லை.

கம்பெனி வண்டி வந்துவிட்டது. உனக்குக் காய்ச்சல் என்பதே எனக்கு அந்த வரியில்தான் தெரிந்தது. இனிமேல் முதலில் எனக்குச் சொல். அவர் அப்புறம் கேட்டுக்கொள்ளட்டும்.

உன்
நவாஸ்