நண்டு எந்த வரி வரை படித்தாள்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் மகள் நண்டும் சுகம். உனக்கும் உன் வீட்டுக்காரிக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? போனில் சொல்ல வேண்டியதை ஏன் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே நீ குறுக்கே விழுகிறாய். கடிதத்துக்குக் குறுக்கே பேச முடியாதல்லவா, அதற்குத்தான். முழுவதும் படி. படித்துவிட்டு அப்புறம் குதி.

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன். நண்டை அந்த விடுதிப் பள்ளிக்கு அனுப்ப மாட்டேன். நீ அனுப்பிய விண்ணப்பம் வந்து சேர்ந்தது. நான் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று பென்சிலால் குறி வேறு போட்டிருந்தாய். அதை நாலாக மடித்து, சமையலறையில் ஆடிக்கொண்டிருந்த மேசையின் காலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். மேசை இப்போது ஆடுவதில்லை.

உன் கோபம் எனக்குத் தெரியாமல் இல்லை. எல்லாப் பள்ளிக்கும் ஒரே தேர்வு, அதுவும் கம்ப்யூட்டரில் என்று இந்த வருஷம் புதிதாகக் கொண்டுவந்தார்கள். முதல் தேர்வு முடிந்ததும் வெறும் எண் ஒன்றை அனுப்பினார்கள். எத்தனைக்கு எத்தனை என்றுகூட அதில் இல்லை. நீ பிள்ளையிடமே கேட்டாய். பாதிக் கேள்வி தெரியலப்பா என்று அவள் உள்ளதைச் சொன்னாள். போனில் நீ போட்ட சத்தம் அடுத்த அறையில் இருந்த எனக்கே கேட்டது. தெரியாத கேள்வின்னு இனிமே என் காதுல விழக் கூடாது என்றாய். இரண்டாம் தேர்வு முடிந்து, தெரியாத கேள்வியே வரலப்பா என்று துள்ளிக்கொண்டு சொன்னாள். எண்ணைப் பார்த்தால் முன்னைவிடக் கீழே இறங்கியிருந்தது. பொய் வேற சொல்றாளா, விடுதியில போட்டாத்தான் சரிப்படுவா என்று நீ தீர்மானித்துவிட்டாய். உன் வீட்டுக்காரியும் அழுதுகொண்டே சரி என்றாளாம்.

போன வாரம் பள்ளியில் பெற்றோர் கூட்டம். வெளியூரில் வேலையில் கிடக்கிற உங்களுக்குப் பதில் நான் போனேன். கணக்கு டீச்சர் சின்னப் பெண். திரையில் கோடும் கட்டமுமாகப் போட்டு விளக்கி விளக்கித் தொண்டை கட்டிப்போய்விட்டது. எங்கள் மண்டையில் ஒன்றும் ஏறவில்லை. பஸ் ஓட்டுகிற ஒருவர் எழுந்து, என் பையன் பாஸா ஃபெயிலா, அதை மட்டும் சொல்லுங்க என்றார். மற்றவர்கள் புரிந்த மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கென்ன வெட்கம்? புரியலம்மா, மறுபடி சொல்லுங்க என்றேன். சொன்னார். இன்னும் புரியல என்றேன். பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள். கொட்டட்டும் என்று நான் உட்காரவே இல்லை.

கடைசியில் டீச்சர் திரையை அணைத்துவிட்டு வாயாலேயே சொன்னார். சரியாகப் போட்டால் அடுத்த கேள்வி கொஞ்சம் கடினமாக வருமாம். தப்பாகப் போட்டால் எளிதாக வருமாம். பிள்ளைக்குத் தெரியாத இடம் எது என்று தேடிக்கொண்டே போகுமாம். அதனால் கெட்டிக்காரப் பிள்ளைக்கும் பாதி தப்பாகத்தான் போகும், எவ்வளவு கடினமான கேள்வி வரை போய் நின்றது என்பதுதான் அந்த எண் என்றார்.

அட, இதைத்தானே நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்கச் செய்கிறேன்! வருகிறவர்களை உட்கார வைத்து எழுத்து அட்டையை மேலிருந்து படிக்கச் சொல்கிறேன். வரிக்கு வரி எழுத்து சிறுத்துக்கொண்டே போகும். முடியாத வரி வந்ததும் நிறுத்துகிறோம். கடைசி வரி தெரியவில்லை என்று யாரையாவது திட்டி அனுப்புகிறோமா? இதைச் சொன்னதும் டீச்சர் முகம் மலர்ந்துவிட்டது. அந்த அட்டையைக் கொண்டு வர முடியுமாக்கா என்று கேட்டார். கடை எதிரில்தானே, ஓடிப்போய் எடுத்து வந்தேன். பஸ்காரரைத்தான் முதலில் அட்டைக்கு முன்னால் நிறுத்தினார். மனிதர் மேல் வரிகளைக் கடகடவென்று படித்துவிட்டுக் கீழே வந்து திணறினார். இப்ப நீங்க பாஸா ஃபெயிலா என்று டீச்சர் கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். அவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

சாயங்காலம் நண்டு வழக்கம்போலப் பள்ளிவிட்டுக் கடைக்கு வந்தாள். அவளிடமும் அட்டையைக் காட்டி விளக்கினேன். ஓர் இடத்தில் நிற்காதவள் அப்படியே நின்றுவிட்டாள். அப்புறம் ஓவென்று அழுதாள். இரண்டாம் தேர்வில் கடினமான கேள்வி தலைகாட்டும்போதெல்லாம், விடை தெரிந்திருந்தும் வேண்டுமென்றே தப்பாகப் போட்டிருக்கிறாள். தப்பாப் போட்டா ஈசியா வருது அத்தை, அப்பாகிட்ட தெரியாத கேள்வியே வரலன்னு சொல்லலாம்ல, அது பொய்யும் இல்லல்ல என்கிறாள். கேட்டாயா? உனக்குப் பயந்து, தெரிந்ததைத் தெரியாததுபோல் அழுத்திவிட்டு வந்திருக்கிறது அந்தப் பிள்ளை.

முதல் தேர்வைப் பற்றி டீச்சரிடம் கேட்டேன். அடுத்த வகுப்புப் பாடம் வரை போய்த்தான் நின்றாளாம். அதற்குத்தான் நீ அந்தச் சத்தம் போட்டாய்.

பருவ முடிவில் மறுபடி தேர்வு இருக்கிறது. எண் ஏறும், இறங்கும். அதைக் காட்டி உன்னிடம் பேரம் பேச நான் எழுதவில்லை. இறங்கினாலும் அனுப்ப மாட்டேன். பெற்றவன் நீ, யார் இல்லை என்றார்கள்? ஆனால் அவளுக்குத் தலை வாரி, காய்ச்சலுக்குக் கஞ்சி கொடுத்து வளர்க்கிறவள் நான். அவள் இல்லாத வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளாது என்பதும் உண்மைதான், அதை ஒளிக்கவில்லை. திட்டுவதானால் என்னைத் திட்டு. எனக்கு உறைக்காது.

உன் வீட்டுக்காரியிடம் இதை அப்படியே படித்துக் காட்டு. அழ வேண்டாம் என்று சொல்.

இப்போதெல்லாம் போனில் உன் பெயரைப் பார்த்தாலே நண்டு குளியலறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தானே எடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள். அப்பா திட்ட மாட்டார் என்று உன்னை நம்பி நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே. மார்க்கைக் கேட்காதே. இன்னைக்கு உனக்குத் தெரியாதது என்னம்மா வந்துச்சு என்று கேள். அவள் சொல்லச் சொல்ல, காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிரு. என் ராஜா, இது ஒன்றைச் செய், நீ நன்றாக இருப்பாய்.

உன் அக்கா