ஆத்தூர் வெற்றிலைக் கடைக்கு ஒரு வெப்சைட்

ஐப்பசி 8, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். துணி காயவில்லை. வாங்க வேண்டியது: சீனி, சுக்கு, போனுக்கு ரீசார்ஜ்.

என் வீட்டுக்காரர் வேலை பார்த்த துறைமுகத்து ஆபீஸை மூடியதிலிருந்து இவர் வெளியே தலை காட்டுவதில்லை. கிளாஸ் போய் வெப்சைட் போடப் படித்தாயிற்று. ஆள் பிடிக்கத்தான் வாய் இல்லை. நான் அஞ்சாங்கிளாஸ், ஆனால் என் வாய் காலேஜ் வரை போனது. நானே கிளம்பினேன்.

டைலர் அண்ணாச்சி: "எம் பொண்டாட்டியே என்னையத் தேட மாட்டேங்கா. கம்ப்யூட்டர்ல எவன் தாயி தேடுவான்?"

"உங்க மூஞ்சியப் போடாம கடைய மட்டும் போடச் சொல்லுதேன். வருவாவ."

சிரித்தார். டீ வாங்கித் தந்தார். வேலை தரவில்லை. பாத்திரக்கடை, செருப்புக்கடை, அங்கேயும் அதே.

"ஏளா, யாராவது கேட்டாவளா?" என்றார் இவர்.

"கேட்டாவ. உயிரோட இருக்காரான்னு கேட்டாவ."

எப்போதும் ஏசுவார். இன்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சொல்லியிருக்க வேண்டாம்.

10, புதன்

வெயில். கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு மில்லர்புரத்திலிருந்து பஸ் ஏறி, ஆத்தூரில் அண்ணன் வீடு.

இவருக்கு வேலை போன மாதம் அண்ணன் அரிசி மூட்டை கொண்டுவந்தான். பெண் எடுத்த வீட்டில் கை நீட்டுவதா என்று இவர் அதைத் திருப்பி பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அதனால் அரிசி கேட்கவில்லை. அவன் கூட்டாளியின் வெற்றிலைக் கடைக்கு ஒரு வெப்சைட் கேட்டேன். அண்ணன் பேர் வரக் கூடாது என்றும் சொன்னேன்.

"வெத்தலைக்கு எதுக்குட்டி வெப்சைட்டு? சரி, தீவாளிச் சீருன்னு நெனச்சுக்கிடுதேன். காசு என் பொறுப்பு."

வரும்போது சிரித்துக்கொண்டுதான் வந்தேன்.

11, வியாழன்

கடைக்காரர் போன். இவர் எழுந்து நின்று பேசினார். "ஆமா சார், சரி சார்." வைத்துவிட்டு நேரே முகம் மழிக்கப் போனார். எத்தனை நாள் தாடி!

14, ஞாயிறு

வெற்றிலைக் கொடிக்கால் போய்ப் படம் எடுத்து வந்திருக்கிறார். சட்டையெல்லாம் சேறு. பாட்டு வேறு.

"ஏளா, இங்கன வா. இந்தப் பச்சை சரியா இருக்கா?"

"கொஞ்சம் சுண்ணாம்பு தாங்க, தின்னு பாத்துச் சொல்லுதேன்."

சிரித்தார். பொசுக்கென்று எனக்கு அழுகை. வெங்காயத்தின் மேல் பழி போட்டேன்.

21, ஞாயிறு

வெப்சைட்டைக் காட்ட இஸ்திரி போட்ட சட்டையில் ஆத்தூர் போனார். மத்தியானமே திரும்பிவிட்டார். கேட்கப் பயம். அவரே சொன்னார்.

"அவரு பாக்கக்கூட இல்ல. 'எதுக்கு அண்ணாச்சி இவ்வளவு சிரமம், பேருக்கு ரெண்டு படம் போட்டா போதாதா? உங்க மச்சான் தங்கச்சிக்குச் செய்யுத சீருதான'ங்காரு."

ஏசட்டும் என்று நின்றேன். ஏசவில்லை. சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். சோறு வேண்டாமாம்.

கேலி ஒன்று தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

22, திங்கள்

கம்ப்யூட்டர் மேல் போர்வை. சுக்குக் காபி ஆறிப்போய்த் திரும்பி வந்தது.

24, புதன்

நல்ல மழை. கரண்ட் போய்ப் போய் வருகிறது.

இவருக்குப் போன். திருச்செந்தூரில் லாட்ஜ் நடத்துகிறவராம். இவர் நெட்டில் ஏற்றிவைத்த வெற்றிலைக் கடை வெப்சைட்டைப் பார்த்தாராம், கீழே இவர் நம்பர் இருந்ததாம். "அருமையா இருக்கு சார். எங்க லாட்ஜுக்கும் இதே மாதிரி வேணும்." ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

இவர் போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

"இது எந்த அண்ணன்?"

"அம்மன் சத்தியமா இவுக யாருன்னே எனக்குத் தெரியாது."

"உனக்கு எல்லாமே வெளையாட்டுதானளா."

போனை என் கையில் வைத்துவிட்டார். கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கிச் சுற்ற ஆரம்பித்தார்.

நான் "ஹலோ" என்றேன். "சார் எங்கம்மா போயிட்டாரு?"

"இப்பத்தான் வெளியே போனாவ."

"எப்ப வருவாரு?"

இரண்டடி தள்ளித்தான் நிற்கிறார். என்னைப் பார்க்கவே இல்லை.

"தெரியல அண்ணாச்சி. போன வச்சிராதீய. கொஞ்ச நேரம் வச்சிராதீய."