வலைக்காக ஆடிய ஆட்டம்

நேற்று ஓர் அலுவலாக வல்வெட்டித்துறைக்குப் போனேன். கரையில் வலைகளைக் காயப் போட்டிருந்தார்கள். அந்த வெடில் நாற்றம் மூக்கில் ஏறியதும் உன் நினைவுதான் வந்தது. உரும்பிராய்த் தோட்டக்காரன், முட்டைகூடத் தொடாத சுத்த சைவம் நீ. உன்னை நினைக்க எனக்கு மீன் வெடில் வேண்டியிருக்கிறது. உயிரோடு இருந்திருந்தால் சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் செத்தவீட்டிலும் எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்கள் இருந்த கதிரைகளை எடுத்து அடுக்கிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

எண்பத்து மூன்று கலவரத்துக்கு அடுத்த வருடம் அது. எங்கள் உதைபந்தாட்டக் கழகத்துக்கு நான் செயலாளர், நீ கோல் கீப்பர். உன் ஒரே மகளுக்கு ஏழு வயது. காய்ச்சல் விட்டு விட்டு வந்தது, உடம்பில் அங்கங்கே நீலம் பாரித்துக் கண்டல் விழுந்தது. இரத்தப் புற்றுநோய் என்றார்கள். கொழும்புக்குக் கொண்டு போனாய். வெங்காயம் விற்ற காசு அந்த முதல் பயணத்தோடு முடிந்தது. மறுபடி கொண்டு போகாவிட்டால் பிள்ளை தங்காது என்று டொக்டர் சொல்லியிருந்தார். டிக்கெட் போட்டு உதவி ஆட்டம் ஒன்று வைப்போமா என்று நான் கேட்டேன். ஓம் என்றாய். பிறகு என் கையைப் பிடித்தாய்.

"அவளின்ரை வருத்தத்தை மட்டும் நோட்டீசிலை போடாதை மச்சான். பொம்பிளைப் பிள்ளை. நாளைக்கு ஒரு கலியாணம் பேச வேண்டாமே?"

எங்கள் ஊரில் வலிப்பு, ஈளை என்று எந்த வருத்தம் வந்தாலும் அந்த நோய் பெண் பிள்ளையின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். எல்லோரும் மறைப்பார்கள். ஆனால் பிள்ளை வளர்ந்து ஆளாவாள் என்று முழுசாக நம்புகிறவன்தான் கலியாணத்தை நினைத்து மறைப்பான். அது எனக்கு அப்போது விளங்கவில்லை. பயித்தியக்காரன் என்று மனதுக்குள் ஏசிக்கொண்டு, 'கோல் கம்பங்களுக்கு வலை வாங்குவதற்காக' என்று நோட்டீஸ் அடித்தேன். யாரும் சந்தேகப்படவில்லை. வலை இல்லாததால் பந்து கம்பத்துக்கு உள்ளே போனதா வெளியே போனதா என்று ஒவ்வொரு ஆட்டத்திலும் அடிபிடிதானே.

ஊர் திரண்டு வந்தது. சுன்னாகம் சந்தை வியாபாரிகளும் டிக்கெட் எடுத்தார்கள். மகள் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு வேலியோரம் தாயின் மடியில் இருந்தாள். நீ அவளைப் பார்த்துக்கொண்டு நின்றதில், கைக்கு வந்த பந்தைக் கோலுக்குள் விட்டாய். தோற்றோம். கூட்டம் உன்னைக் கூவியது. "வலைக்கு, வலைக்கு" என்று நான் தகரப் பேணியைக் குலுக்கிக்கொண்டு சுற்றினேன். அடுத்த கிழமை அந்தக் காசோடு நீங்கள் மூவரும் சுன்னாகத்தில் ரயில் ஏறினீர்கள். தமிழர் கொழும்புக்குப் போகவே பயந்த காலம்.

மாதங்கள் போயின. வலை வரவில்லை.

"வலை எங்கை அண்ணை?" என்று பெடியள் கேட்டார்கள்.

"வருது, வருது" என்றேன்.

"கடலாலை நீந்தி வருதாக்கும்" என்றான் ஒருவன். காசை நான் விழுங்கிவிட்டேன் என்று தேத்தண்ணிக் கடையில் கதை. என் மனைவியே ஒரு நாள், "உண்மையாய் என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டாள். அவளுக்கும் நான் சொல்லவில்லை.

நீங்கள் இருவர் மட்டும் ரயிலால் இறங்கினீர்கள். மகளைக் கொழும்பிலேயே தகனம் செய்திருந்தீர்கள். ஊருக்குக் காய்ச்சல் என்றே சொல்லச் சொன்னாய். பிறகு நீ கேட்ட முதல் கேள்வி இது:

"பெடியள் வலையைப் பற்றி ஏதும் கேட்டவங்களோ?"

"அதை விடு. இனி உண்மையைச் சொல்லலாம்தானே."

"வேண்டாம் மச்சான். சொன்னால், இனி அவளுக்குக் கலியாணம் பேச வேண்டி வராது எண்டு நானே சொன்ன மாதிரிப் போகும்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீ முன்னால் நடந்தாய். நான் பின்னால் வந்தேன்.

சில நாளில் நீ சைக்கிளில் வல்வெட்டித்துறைக்குப் போய், கழித்துவிட்ட மீன் வலைகள் இரண்டைக் கரியரில் கட்டிக்கொண்டு வந்தாய். கம்பங்களில் கட்டினோம். பெடியள் மூக்கைப் பொத்தினார்கள். அந்த வெடிலுக்கு முன்னால் நீ அந்தப் பருவம் முழுக்க நின்றாய். பந்து வலையில் விழுந்தால் எடுக்கத் திரும்புவாய், உடனே இந்தப் பக்கம் திரும்ப மாட்டாய். நாங்கள் காத்து நிற்போம். யாரும் விசில் ஊதமாட்டார்கள்.

நேற்றுப் பின்னேரம் கழகத்தின் இப்போதைய செயலாளர் வீட்டுக்கு வந்தார். கழக வரலாற்றை எழுதி ஒரு மலர் அச்சிடுகிறார்களாம். முதல் வலை எப்படி வந்தது என்று கேட்டார். கழகத்தில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான் மிச்சம். என் உடம்பில் இன்னும் அந்த வெடில் இருந்தது.

"ஆட்டம் வைச்சுக் காசு சேர்த்து வாங்கினது, தம்பி."

"முழுக்க வலைக்குத்தானோ?"

"ஓம். முழுக்க வலைக்குத்தான்."

அவர் எழுதிக்கொண்டு போனார். உன் மகளுக்கு இன்றைக்கும் ஊரில் அந்த வருத்தம் இல்லை.