முத்திரையிட்ட இரண்டு பேரல்

பாய்,

இன்று காலை தபால் நிலையத்தில் ஒருவர் பார்சலுக்கு அரக்கு உருக்கிக்கொண்டிருந்தார். அந்த வாசனை உங்கள் நினைவைக் கொண்டுவந்தது. நீங்கள் போய் மூன்று ரம்ஜான் ஆகிறது.

எண்பதுகளில், பாப்பிரெட்டிப்பட்டியில் உங்கள் பங்க்குக்கு டீசல் வரும் நாள் திருவிழா. வராத நாள் வழக்கம். வழங்கல் ஆய்வாளனான நான், அவசரத் தேவைக்கென்று இரண்டு பேரல் டீசலை உங்கள் கொட்டகையில் வைத்து அரக்கு முத்திரையிட்டேன். மேலதிகாரி நேரில் வந்துதான் அதைத் திறக்க வேண்டும் என்ற உத்தரவை வரைந்ததும் நானே. அதில் எழுத்துப் பிழை எதுவும் இல்லை.

பங்க் வறண்டிருந்த ஒரு மத்தியானம், பாம்பு கடித்த பெண்ணை ஏற்றிக்கொண்டு சித்தேரி மலையிலிருந்து தக்காளி வேன் ஒன்று வந்து நின்றது. தருமபுரி ஆஸ்பத்திரிவரை போக வண்டியில் டீசல் இல்லை. யாரைக் கும்பிடுவது என்று தெரியாமல் அவள் புருஷன் பேரலைப் பார்த்துக் கும்பிட்டான்.

“பெரிய ஆபீசர் எங்கங்க சார்?” என்றீர்கள்.

“ஏரியூர்ல.”

“வரச் சொல்றதுதானுங்களே?”

“போன் பண்ணிட்டேன் பாய். ஜீப்புல டீசல் இல்லையாம்.”

“அவருக்கு டீசல் எங்கங்க இருக்குது?”

“உங்ககிட்ட. சீல் வெச்ச பேரல்ல.”

நீங்கள் சிரிக்கவில்லை. ஸ்பேனரை எடுத்தீர்கள்.

“லைசென்ஸ் போயிரும் பாய்.”

“போனா புளி யாவாரம் பாத்துக்கறனுங்க. நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க.”

திரும்பி நின்றேன். அதில் எனக்கு நல்ல பயிற்சி இருந்தது.

அவள் பிழைத்துக்கொண்டாள். அந்தச் செய்தி மலையிறங்கி வருவதற்குள் விளக்கம் கேட்டு உங்களுக்கு நோட்டீஸ் வந்துவிட்டது. முத்திரையை உடைத்தது நான்தான் என்று பதில் எழுதினேன்.

“பொய் எழுதலாமுங்களா சார்?”

“திறக்க முடியாதபடி மூடினது நான்தானே பாய். உடைச்சதும் நானாவே இருக்கட்டும்.”

உங்கள் லைசென்ஸ் தப்பியது. எனக்குத் தண்டனையாக, யாரும் போக விரும்பாத எண்ணெய்க் கையிருப்புப் பிரிவு கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன்; கடைசி நாளில் அதையே என் சாதனை என்று சொல்லி மாலை போட்டார்கள்.

பின்னாளில், பாறையைக் குடைந்து நாட்டுக்கே எண்ணெய் சேமிப்பது பற்றிய கூட்டங்களில் உட்கார்ந்தேன். எவ்வளவு கொள்ளும் என்று எல்லோரும் கேட்பார்கள். திறக்க வேண்டியவர் வராவிட்டால் யார் திறப்பது என்று நான் கேட்பேன். நான் வரைந்த உத்தரவுகளில் எல்லாம் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: ‘மேலதிகாரியை எட்ட முடியாதபோது, அருகில் இருப்பவர் திறக்கலாம், பிறகு தெரிவித்தால் போதும்.’

புதிதாக வந்த பிள்ளைகளும் அந்த வரியை நீக்காமல் நகலெடுக்கிறார்கள். யார் எழுதியது என்று போன வாரம் ஒரு பெண் அதிகாரி போனில் கேட்டாள். பாப்பிரெட்டிப்பட்டியில் பங்க் வைத்திருந்த ஒருவர் என்றேன்.